ஐந்தாம் பகுதியின் ஒரு நிமிஷம்

நாடாப் பெட்டியின் அட்டையில் ஒரு நிமிஷம் என்று எழுதியிருந்தது. போன மாதம் அந்தப் பழைய நாடாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய அன்று பானுமதி தன் நோட்டில் குறித்து வைத்ததும் சரியாக ஒரு நிமிஷம்தான். திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து அதே ஃபைலைத் திறந்தபோது அது ஒரு நிமிஷம் பதினொரு விநாடி இருந்தது.

கை தவறி எதையாவது இழுத்துவிட்டிருப்போம் என்று நினைத்தாள். நினைத்த வேகத்திலேயே அது பொய் என்றும் தெரிந்தது. இருபது வருஷமாகச் சத்தத்தை வெட்டி ஒட்டுகிறவள். பானுமதி கை வைத்தால் ஒட்டுப் போட்ட இடம் தெரியாது என்று மும்பை செம்பூர் ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு அவள் பெயரைக் கடைசி வரியில், அதுவும் எழுத்துப் பிழையோடு போடுவார்கள். அது வேறு கதை.

'தூரத்துத் துறைமுகம்' என்பது 1987-ல் மாட்டுங்கா நாடகக்காரர்கள் சிலர் சேர்ந்து டி.வி.க்காக எடுத்த விண்வெளித் தொடர். ஏழு பகுதி என்று திட்டம். நாலு பகுதி ஒளிபரப்பானது, ஐந்தாவது பாதியில் நின்றது, அதோடு சரி. பிளைவுட்டும் தெர்மோகோலும் வெள்ளி பெயிண்டும் கொண்டு செய்த கப்பல்தான், ஆனாலும் அதைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் இன்று தொப்பையும் வழுக்கையுமாக ஆன பிறகும் மறக்கவில்லை. கப்பலுக்கு வெளியே காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது என்ன என்று தாணேயிலிருந்தும் உல்லாஸ்நகரிலிருந்தும் இணையத்தில் எழுதிச் சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரு கம்பெனி முன்வந்து, கிடைத்ததை எல்லாம் சுத்தம் செய்து இரண்டு டிஸ்க் பெட்டியாக வெளியிடுகிறது. எடுக்காமல் விட்ட பாதிக்குப் பழைய போட்டோக்கள் ஓடும். அந்தத் தொடரில் நடித்த ருக்கு மாமி பின்னணியில் கதையை வாசிப்பாள். அந்த வாசிப்புக்கு அடியில் கப்பல் அறையின் சத்தத்தைப் போட்டு நிரப்புவது பானுமதியின் பொறுப்பு.

அதற்குத்தான் இந்த ஒரு நிமிஷம். படப்பிடிப்பு முடிந்ததும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் நின்ற இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். பேசக்கூடாது, செருப்பைத் தேய்க்கக்கூடாது, தும்மல் வந்தால் விழுங்க வேண்டும். சும்மா இருக்கும்போது அந்த அறை என்ன சத்தம் போடுகிறதோ அதை ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்வார்கள். ரூம் டோன் என்று பெயர். வசனத்துக்கு நடுவில் ஓட்டை விழுந்தால் அதைப் போட்டுத்தான் அடைப்பார்கள். டைரக்டர் "போதும்" என்று சொல்லும்வரை ஒருத்தரும் அசையக்கூடாது. அதில் இருக்கிற சட்டம் அது ஒன்றுதான்.

அட்டையில் அறையில் நின்ற ஒன்பது பேரின் பெயரும் இருந்தது. ஒன்பதாவது பெயரை யாரோ சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். அடித்த பிறகும் படிக்க முடிந்தது. சுடலைக்கண்ணன், மைக் கம்பு. பானுமதியின் அய்யா.

தாராவியில் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். ஈரத்தோலைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடியில் போட்டுப் போட்டு அவர் கைக்கு நடுக்கம் என்பதே கிடையாது. நீளக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி நடிகர்கள் தலைக்கு மேல் பிடித்து நிற்க அப்படிப்பட்ட ஒருத்தர் வேண்டும் என்று யாரோ சொல்லி, டைரக்டர் நாணு கூப்பிட்டுக்கொண்டார். ஐந்தாம் பகுதி எடுத்த ஆகஸ்ட் மாத நாள் ஒன்றில் காலையில் போனவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. வெளிநாட்டு மைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டதாக நாணு எழுதிக் கொடுத்திருந்தார். பானுமதிக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் மைக்குத் திருடன் மவ. தண்ணீர்க் குழாயில் அவள் அம்மா முருகம்மாளுக்கு வழி விடாதவர்கள் எல்லோரும் காரணமாகச் சொன்னதும் அதுதான். முருகம்மாள் இன்றுவரை தாலியைக் கழற்றவில்லை, அதை யாரும் பார்க்கும்படி வெளியே போட்டுக்கொள்ளவும் இல்லை. அந்த வீம்பில்தான் பானுமதி சத்தத் தொழிலுக்கே வந்தாள். இந்த டிஸ்க் வேலையைக் கேட்டு வாங்கியதும் ஒரே ஒரு காரணத்துக்காக: கடைசியில் ஓடும் பெயர் வரிசையில் அய்யா பெயர் வர வேண்டும், அதை அம்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஹெட்போனை மாட்டி ஃபைலை ஓடவிட்டாள். நாடாவின் மெல்லிய இரைச்சல், அதற்குக் கீழே சூடான விளக்குகளின் ரீங்காரம், அதற்கும் கீழே, மற்றவர்கள் கேட்கவே மாட்டார்கள் என்கிற ஆழத்தில், அடக்கி அடக்கி விடுகிற மூச்சுகள். அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினாள். கனத்த மூச்சு ஒன்று, சளி பிடித்த மூச்சு ஒன்று, வளையல் லேசாகக் குலுங்க ஒரு பெண் மூச்சு. ஒன்பதாவது மூச்சில் ஒரு சின்ன விசில் இருந்தது. தோல் கட்டு விழுந்து மூக்குத்தண்டு உடைந்த மனுஷனின் விசில். அந்த விசிலைக் கேட்டுக்கொண்டேதான் அவள் ஆறு வயது வரை தூங்கினாள்.

அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு மேலே கேட்டாள். ஒரு நிமிஷம் முடிந்த இடத்தில், மிச்சமிருந்த பதினொரு விநாடியில், பத்தாவதாக ஒன்று இருந்தது. மற்ற ஒன்பதும் தள்ளி இருந்தன. இது மைக்குக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருந்தது. மூச்சை இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. விடவில்லை.

சாயங்காலம் சாய்நாத் வந்தான். கம்பெனி சார்பில் இந்த வெளியீட்டைப் பார்த்துக்கொள்கிற பையன். நல்லவன், தமிழை மட்டும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அய்யா பெயரைப் பற்றி மூன்றாவது முறையாகக் கேட்டாள். வக்கீல்கள் முடியாது என்கிறார்களாம். திருட்டுப் புகார் ஒன்று இருக்கும்போது அந்தப் பெயரைப் போட்டால் நாணு குடும்பம் ஏதாவது சொல்லும், தன் கையில் எதுவும் இல்லை என்று பாதி இந்தியில் சொல்லித் தலையைச் சொறிந்தான். புதன்கிழமை ஆறு மணிக்குள் முடித்து அனுப்ப வேண்டும் என்பதையும் ஞாபகப்படுத்தினான்.

செவ்வாய்க்கிழமை ஃபைல் நாலு நிமிஷம் இருபது விநாடி இருந்தது.

இந்த முறை அவள் காரணம் தேடவில்லை. காலை பதினோரு மணி. வெளியே ஆடி மாத மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது, கீழ் மாடியில் பிளாஸ்டிக் மூடி அடிக்கிற மிஷின் தடதடத்தது, ரோட்டில் ஒரு ரிக்‌ஷாக்காரன் இன்னொருவனின் பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் இல்லாத எடிட்டிங் அறைக்குள் வந்து கனத்த கதவைச் சாத்தியதும் இவை எல்லாம் வழக்கம்போல் அடங்கின. வழக்கத்துக்கு மாறாக ஏசியின் உறுமலும் அடங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் வாயில் கட்டியிருந்த ரிப்பன் பறந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. அறையில் வெள்ளி பெயிண்டின் வாடையும், அதன் அடியில் பதப்படுத்தாத தோலின் வாடையும் இருந்தன. தோல் வாடை அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அது செம்பூர் வரை வந்து அவள் கண்டதில்லை.

ஓடவிட்டாள். முதல் நிமிஷத்தில் ஒன்பது மூச்சு. பிறகு அந்த இழுப்பு. பிறகு, ஒரு பெண் வாயைக் கையால் பொத்தியும் அடங்காமல் வந்த ஒரு சத்தம். ஒரு செருப்பு. இன்னொரு செருப்பு. நிறையக் கால்கள் மரப்பலகையில் ஓடின, ஏதோ ஒன்று சரிந்து விழுந்தது, கதவு திறந்து அறைந்தது. எட்டு மூச்சும் அந்தக் கதவோடு போய்விட்டன. விசில் மூச்சு மட்டும் அறையிலேயே நின்றது. அது ஓடவில்லை. நிதானமாக, கணக்காக, தோல் மூட்டை தூக்கும்போது விடுகிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே, மைக்குக்கு மிக அருகே, மற்றது இழுத்துக்கொண்டே இருந்தது. நாலு நிமிஷம் இருபது விநாடி. ஒரே இழுப்பு.

யாருமே "போதும்" என்று சொல்லவில்லை.

பானுமதி ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். இத்தனை வருஷமாக ஓடிப்போனவர் என்று ஊரே சொன்ன மனுஷன்தான் அந்த அறையிலேயே ஓடாதவர். அன்று இரவு வீட்டில் முருகம்மாள் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டபோது பல் வலி என்றாள்.

புதன்கிழமை காலை ருக்கு மாமி மாட்டுங்காவிலிருந்து டாக்ஸியில் வந்தாள். எழுபத்திரண்டு வயது, வாயில் பட்டுப்போல் தமிழ், கையில் நாணுவின் பழைய கையெழுத்துப் பிரதி. நாணு அவள் புருஷன்; இறந்து பதினெட்டு வருஷமாகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக் கூண்டில் அவளை உட்காரவைத்து, பானுமதி இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத கூண்டு அது. மாமி வாசித்தாள். கப்பலில் எல்லோரும் மூச்சை அடக்கி நின்றார்கள், வெளியே எதுவோ கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு சின்னச் சத்தம் போதும் அது உள்ளே வந்துவிட. பிரதி அந்த இடத்தோடு நின்றது. அதற்குமேல் நாணுவுக்கு எழுத வரவில்லை.

வாசித்து முடித்ததும் பானுமதி மாமியின் ஹெட்போனில் அந்த ஃபைலைப் போட்டாள். அப்போது அதன் நீளம் ஐம்பத்து மூன்று நிமிஷம். வேண்டுமென்றேதான் செய்தாள். வயதானவளிடம் இப்படிச் செய்யலாமா என்று மனசு கேட்டது. ஆறு வயதுக் குழந்தையிடம் மட்டும் செய்யலாமா என்று பதிலுக்குக் கேட்டாள்.

மாமி ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். வளையல்கள் குலுங்கின.

"நீ யாரு?" என்று கேட்டாள்.

"சுடலைக்கண்ணன் மவ."

மாமி தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கதவைச் சாத்தியாச்சு. ஒம்போது பேர்தான் இருந்தோம். எல்லாரும் சிலை மாதிரி நிக்கறோம். அப்பத்தான் என் கழுத்தாண்ட யாரோ மூச்சு இழுக்கறா. திரும்பிப் பாக்கறேன், ஒண்ணுமில்லை. ஆனா உங்கப்பா பாத்துட்டார். மைக்கை மெதுவா நகத்தினார் பாரு, அந்த மூச்சும் கூடவே நகந்தது. அதுக்கு மைக்குதான் வேண்டியிருந்தது. அவர் அதை அப்படியே ரூமோட மூலைக்கு இழுத்துண்டு போனார். தலையால எங்களைப் பாத்துப் போங்கோன்னு ஜாடை காட்டினார். நாங்க ஓடிட்டோம்."

"பொறவு?"

"ரெண்டு நிமிஷத்துல கதவைத் தொறந்தோம். ரூம் காலி. பின்னாடி வாசல் கெடையாது. போலீஸ்ல என்னன்னு போய்ச் சொல்றது? பைத்தியம்னு சொல்லுவா. அதான் எங்காத்துக்காரர் மைக்கைக் காணோம்னு எழுதிக் குடுத்தார். மைக்கு நிஜமாவே காணோமே." மாமி முந்தானையால் வாயைத் துடைத்தாள். "தப்புதான். எல்லாருக்கும் தெரியும் தப்புன்னு. நேக்கும் தெரியும்."

பானுமதிக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அறையவில்லை. மன்னிக்கவும் இல்லை.

"எங்கய்யா இன்னும் அங்கனதான் நிக்காவ மாமி. நீங்க யாரும் போதும்னு சொல்லலை. அதான் நிக்காவ," என்றாள்.

அழித்துவிடு, பானு, அந்த ஃபைலை அழித்துவிடு என்று மாமி கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவர் கம்பைக் கீழே போட்டால் அது வெளியே வந்துவிடும் என்றாள். பானுமதி கையை விடுவித்துக்கொண்டு, டாக்ஸிக்குச் சொல்லியனுப்பினாள்.

மத்தியானம் முழுக்க அவள் வேலை செய்தாள். இதுவரை செய்ததிலேயே சுத்தமான வேலை அது. மாமியின் குரலுக்கு அடியில் அய்யா மூச்சைப் போடவில்லை. அவரை அங்கேயே விட்டு ஓடியவர்களின் கதைக்கு அவரையே மறுபடி பாயாக விரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் ஸ்டுடியோ ஏசியின் பழைய பதிவு ஒன்றை எடுத்துக் கொஞ்சம் ஆழப்படுத்தி விரித்தாள். ஏழு கிரகம் தாண்டிப் போகிற கப்பலில் செம்பூர் ஏசி உறுமட்டும், ரசிகர்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பிறகு பெயர் வரிசையைத் திறந்தாள். ஒலி என்ற தலைப்புக்குக் கீழே, எல்லோருக்கும் மேலே, தட்டினாள்: சுடலைக்கண்ணன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். வக்கீல்கள் யாருக்கும் தமிழ் தெரியாது, சாய்நாத்துக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொறுமை கிடையாது. டிஸ்க் கைக்கு வந்த பிறகு கூத்தாடிக்கொள்ளட்டும். ஐந்து மணிக்கு அனுப்பினாள். போய்விட்டது என்று திரையில் வந்தது.

இத்தோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். அம்மாவிடம் சொல்ல இது போதும். பையைக்கூட எடுத்து மாட்டினாள். திரையின் மூலையில் அந்த ஃபைல் இருந்தது. அதன் நீளம் இருக்க வேண்டிய இடத்தில் இப்போது எண்ணே இல்லை, வெறும் கோடுகள்.

பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். ஃபைலைக் கூண்டுக்குள் கேட்கும்படி திருப்பிவிட்டு, கூண்டின் மைக்கைத் திறந்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தி ஹெட்போனை மாட்டினாள்.

கூண்டுக்குள் சாதாரணமாகவே தன் இதயம் அடிப்பது கேட்கும். இன்று அதுவும் கேட்கவில்லை. ஹெட்போனுக்குள் நாடாவின் இரைச்சல் மெல்ல எழுந்து, சுவர்களில் ஒட்டியிருந்த பஞ்சுக்குள் இறங்கி, பஞ்சு இருந்த இடத்தில் பிளைவுட்டின் வாடை வந்தது. வெள்ளி பெயிண்ட், சூடான விளக்கு, வியர்வை, தோல். இடது காதில் விசில் மூச்சு. வலது காதில் மற்றது, நிற்காத இழுப்பு, ஒரு குடம் நிறையாமல் நிறைந்துகொண்டே இருப்பதுபோல்.

"அய்யா," என்றாள்.

விசில் நின்றது.

"நான் பானு. உங்க மவ. போதும்யா. கம்பை எறக்குங்க. வீட்டுக்குப் போவோம்."

விளக்கு அணைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரைகளின் வெளிச்சம் இருக்க வேண்டும். இல்லை. கண்ணாடியே இல்லை. கை நீட்டினாள், சுவர் தட்டவில்லை. இன்னும் நீட்டினாள். ஈரமான ஒரு சட்டை. அதற்குள் ஒரு நெஞ்சு. தூக்கிய ஒரு கை, கல்போல் இறுகியது, ஆனால் சூடானது. கண் பழகப் பழக முகம் தெரிந்தது. அவளைவிடப் பத்து வயது சின்னவன். மீசைகூட நரைக்கவில்லை. உடைந்த மூக்கு.

அவர் அவளைப் பார்க்கவில்லை. கம்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பானுமதி அங்கே பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். மைக் இருந்தது. மைக்கை ஒட்டி இருட்டு கொஞ்சம் கெட்டியாக இருந்தது. அது குனிந்திருந்தது. காது கொடுத்துக் கேட்கிற ஒருத்தர் குனிகிற மாதிரி. அதற்கு முகம் என்று ஒன்று இருந்தால், அது மெதுவாக மைக்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. அவள் பக்கம். பேசினது அவள்தானே.

அய்யா கம்பை நகர்த்தி அதைத் திரும்பவும் இழுக்கப் பார்த்தார். அப்போதுதான் அவர் கை நடுங்குவதை அவள் பார்த்தாள். நடுக்கமே இல்லாத கை. முப்பத்தேழு வருஷம்.

பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. என் அய்யாவைத்தான் பிடித்தாயா? ஊரில் வேறு ஆள் இல்லையா உனக்கு? அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். கம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். நினைத்ததைவிடக் கனம். அய்யாவின் விரல்கள் விடவில்லை. இத்தனை வருஷத்தில் அவை கம்போடு மடங்கிக் காய்த்துப் போயிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவர் முதல்முறையாக அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அவள் தோளால் அவரை இடித்தாள், தலையால் கதவு இருந்த திசையைக் காட்டினாள். போங்க.

அவர் போகவில்லை. மறுபடியும் இடித்தாள். வலிக்க இடித்தாள்.

போனார்.

கதவு திறந்தது. ஒரு விநாடி மழைச் சத்தம். தகரத்தில் கொட்டுகிற செம்பூர் மழை. மூடியது.

பிறகு அவளும் அதுவும்.

கம்பை உயர்த்தினாள். அது திரும்பவும் மைக்கிடம் குனிந்தது. இழுத்தது. அவள் கை ஏற்கெனவே கடுக்க ஆரம்பித்தது. ஈரத்தோல் தூக்கிப் பழகிய கை இல்லை அது. மவுஸ் பிடித்த கை. இருந்தாலும் உயர்த்தியே பிடித்தாள்.

வெளியே குரல் கேட்டது. சாய்நாத். "ஆப் கோன் ஹோ? அந்தர் கைசே ஆயே?" யார் நீங்கள், எப்படி உள்ளே வந்தீர்கள் என்று இந்தியில் கேட்டான்.

பதில் வர நேரம் பிடித்தது. அத்தனை வருஷம் பேசாத தொண்டை.

"சுடலைக்கண்ணன். மைக்கு உள்ளதான் இருக்கு. எம் மவ புடிச்சிக்கிட்டு நிக்கா."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சத்தம் மட்டும்தான். வெளிச்சம் வரவில்லை.

"உள்ள யாருமே இல்லியே," என்றான் சாய்நாத். அவள் முகத்துக்கு ஒரு முழத் தூரத்திலிருந்து.

கத்தலாம். ஒரு வார்த்தை. அது அவள் பக்கம் திரும்பும், பிறகு அவன் பக்கம், பிறகு வெளியே, அய்யா நிற்கிற இடத்துக்கு. பானுமதி பல்லைக் கடித்துக்கொண்டாள். கதவு மூடியது. இரண்டு பேர் நடந்து போகிற சத்தம். ஒருத்தருக்குச் செருப்பு இல்லை. படியில் இறங்கினார்கள். அய்யா வீட்டுக்குப் போகிறார். அம்மா கதவைத் திறப்பாள்.

அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கம்பு நடுங்கியது. நிறுத்தினாள். திரும்ப நடுங்கியது. நிறுத்தினாள்.

சுண்டு விரலில் ஏதோ பட்டது. ஈரமாக, அவசரமே இல்லாமல். தூங்கிவிட்ட குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிற மாதிரி, அது அவள் சுண்டு விரலைக் கம்பிலிருந்து பிரித்தது. பிறகு மோதிர விரல். பிறகு நடு விரல்.

பானுமதி மூன்றையும் மறுபடி மடக்கி இறுக்கிப் பிடித்தாள்.

அது திரும்பவும் சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்தது.